வாழும் முறை தேடிய இருவாச்சி

வெடிப்பலா மரத்து உச்சிப் பொந்தில் வெள்ளைக்கண்ணி அடைபட்டுக் கிடந்தாள்.

யாரும் அவளைப் பிடித்து அடைக்கவில்லை. தானே உள்ளே போனாள், தானே வாசலைப் பூசி மூடினாள். இருவாச்சிப் பறவைகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்தால் பெட்டை மரப்பொந்துக்குள் போய்விடும். எச்சம், பழச்சக்கை, மண் எல்லாம் குழைத்து வாசலை அடைக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு மட்டும் விடும். உள்ளே போனதும் இறக்கைச் சிறகெல்லாம் உதிர்ந்துவிடும். திரும்ப முளைக்கும்வரை பறக்க முடியாது. குஞ்சு பொரித்து, அது கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதுவரை சாப்பாடு ஆண் கொண்டுவர வேண்டும். தண்ணீரும் அவன்தான். இருவாச்சி தனியாகத் தண்ணீர் தேடிக் குடிப்பதில்லை. பழத்தில் இருக்கிற ஈரம்தான் அதற்குத் தண்ணீர்.

வெள்ளைக்கண்ணியின் ஆண் செங்கண்ணன். ஆணுக்குக் கண் சிவப்பு, பெண்ணுக்கு வெள்ளை. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

செங்கண்ணன் நல்லவன்தான். விடியுமுன் கிளம்புவான். ஆற்றங்கரை இச்சி மரத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்வான். பழுத்ததாகப் பார்த்துப் பறித்துத் தொண்டையில் அடக்கிக்கொள்வான். விழுங்க மாட்டான். தொண்டை புடைக்கப் பறந்து வந்து, மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு பழமாக மேலே கொண்டுவந்து இடுக்கில் நீட்டுவான். உள்ளிருந்து ஓர் அலகு நுனி வரும், வாங்கும், போகும், மறுபடி வரும். தீர்ந்தால் திரும்ப இச்சி மரம். பொழுது சாயும்வரை இதே வேலை.

இரண்டு குஞ்சு பொரித்த பிறகு வேலை இன்னும் கூடியது. தோள் வலித்தது. பேச்சுத் துணைக்கு ஓர் இடுக்கு மட்டும். அந்த இடுக்கும், "இவ்வளவுதானா?" என்று கேட்டது.

செங்கண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிளையில் உட்காருவான், எழுந்திருப்பான். அலகை மரத்தில் தீட்டுவான், நிறுத்துவான். எங்கேயாவது போக வேண்டும் போல இருந்தது. எங்கே என்று தெரியவில்லை.

இதைச் சடையன் பார்த்துவிட்டான்.

சடையன் சோலைமந்திக் கூட்டத்தின் தலைவன். முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. காலையில் சோம்பல் முறித்து, பேன் பார்த்து, பிள்ளைகளை அதட்டி அவன் இச்சி மரத்துக்கு வந்து சேர்வதற்குள் நல்ல பழமெல்லாம் செங்கண்ணன் தொண்டைக்குள் போயிருக்கும். அடித்து விரட்ட முடியாது. அந்த அலகுக்கு முன்னால் யார் நிற்பது? சீக்கிரம் எழுந்திருக்கலாம். அது சடையனால் ஆகாது. அதனால் வேறு வழி பார்த்தான். செங்கண்ணனுக்காகக் கவலைப்பட ஆரம்பித்தான்.

"என்ன வே, ஒரு மாதிரி இருக்கீரு?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாதவன் கிளைக்குக் கிளை தாவ மாட்டான். அது எங்க வேலை." சடையன் நெருங்கி உட்கார்ந்தான். "நானும் பார்க்கேன். பறிக்கீரு, சுமக்கீரு, கக்குறீரு. உம்ம வயித்துக்கு என்னதான் வே போகுது?"

செங்கண்ணன் யோசித்தான். இதுவரை யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை.

"தீனி, தூக்கம், இருப்பிடம், சேர்க்கை. இந்த நாலும்தான் வே வாழுற முறை," என்றான் சடையன். "உமக்கு நாலும் கெட்டுக் கிடக்கு. தீனி அடுத்தவ வாய்க்கு. தூக்கம் அரைத் தூக்கம். இருப்பிடம்னு பார்த்தா வீடு அவளுக்கு, மழை உமக்கு. சேர்க்கை, மரத்துல ஒரு ஓட்டை."

"வேற எப்படித்தான் வாழுறது?"

"காட்டைச் சுத்திப் பாரும். ஒவ்வொருத்தன் ஒவ்வொரு விதமா வாழுறான். எது உமக்குப் பொருந்துதோ அதை எடுத்துக்கிடும். அவசரமே இல்லை. காலையில நிதானமா எந்திரிச்சுப் போனாப் போதும்."

அந்தக் கடைசி வார்த்தைதான் சடையனுக்கு வேண்டியது. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய இலை.

செங்கண்ணன் பொந்துக்குத் திரும்பினான். பழத்தைக் கொடுக்கும் முன்பே பேச்சை எடுத்தான். தன் தீனி, தூக்கம், இருப்பிடம், சேர்க்கை எல்லாம் கெட்டுப்போயிருப்பதாகச் சொன்னான்.

"யார் சொன்னது?" என்றாள் வெள்ளைக்கண்ணி.

"சடையன்."

"அவன் எதுக்கு உங்களைப் பத்திக் கவலைப்படுறான்?"

 தோள் வலிக்கிறது என்று மட்டும் செங்கண்ணன் சொன்னான்.  அவள் சொன்னாள்:

"மாத்துங்க. வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா நான் வெளியே வந்த பிறகு மாத்துங்க. இப்போ பழத்தைக் கொடுங்க."

கொடுத்தான். ஆனால் அவள் சொன்னதில் முதல் வார்த்தைதான் அவன் காதில் நின்றது.

மறுநாள் நிதானமாக எழுந்தான். முதலில் கருமந்திகளிடம் போனான். அவை இலை தின்றன. தின்றுவிட்டு வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்தன. பழுத்த மரம் எங்கே என்று தேடி எதுவும் ஓடவில்லை. கைக்கு எட்டின கிளையில் சாப்பாடு, அதே கிளையில் தூக்கம். செங்கண்ணனுக்குப் பிடித்துப்போனது. ஒரு பெரிய கருமந்தியிடம் பக்குவம் கேட்டான். கொழுந்தாகப் பார்க்க வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று அது சொன்னது. பல் இல்லாதவன் எப்படி மெல்லுவது என்று அதுவும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அலகு நிறையக் கொழுந்து கொண்டுவந்து இடுக்கில் நீட்டினான். உள்ளே போன கொழுந்து அப்படியே வெளியே வந்து விழுந்தது.

"என்ன இது?"

"கொழுந்து. உடம்புக்கு நல்லதாம். இனிமே நமக்கு இதுதான்."

"நான் இருவாச்சி. மிளா மான் இல்லை. பழம் எங்கே?"

பழம் இல்லை. அவன் வயிற்றிலும் இலை கல்லாகக் கிடந்தது. முறையில் தப்பில்லை, நான் பறித்த இலைதான் முற்றல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அன்று சாயங்காலம் நாலைந்து பழம் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு குஞ்சுக்கும் அது போதவில்லை.

அடுத்தது மலைப்பாம்பு. பாறை அடியில் சுருண்டு கிடந்தது. நடு உடம்பில் ஒரு புடைப்பு.

"அடுத்த தீனி எப்போ?" என்று கேட்டான் செங்கண்ணன்.

"வரும்போது."

"வரலைன்னா?"

"தூங்குவேன்."

அவன் அசந்துபோனான். ஒரு ஜீவன் இவ்வளவு நிம்மதியாக இருந்து அவன் பார்த்ததில்லை. பொந்துக்குப் பறந்து வந்து விஷயத்தை விளக்கினான். எல்லாத் தொல்லைக்கும் காரணம் ஓயாமல் தின்பதுதான் என்றான். பசி என்பது வெறும் பழக்கம், விட்டுவிட்டால் போய்விடும் என்றான். சொல்லிவிட்டு எதிர்க்கிளையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான்.

மூடின கண் நிற்கவில்லை. கால் மாறி மாறி நின்றது. இறக்கை தானாகத் துடித்தது. இருந்தாலும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தான். பொந்துக்குள் குஞ்சுகள் கத்தின. ஒன்றின் குரல் தடித்தது, மற்றதன் குரல் மெலிந்தது. அவன் கேட்காத மாதிரி இருந்தான்.

மத்தியானம் வெள்ளைக்கண்ணி கூப்பிட்டாள்.

"நாக்கு ஒட்டுது. பெரியவன் கத்துறான். சின்னது கத்தக்கூட மாட்டேங்குது."

"கொஞ்சம் பொறு. பழகிடும். மலைப்பாம்பைப் பாரு."

"பாம்பு தின்னுட்டுப் படுத்திருக்கு. நாங்க தின்னாம படுத்திருக்கோம்."

அவனுக்குச் சுருக்கென்றது. இச்சி மரத்துக்குப் பறந்தான். மரத்தில் சடையன் கூட்டம் கொழுத்துப்போய்ச் சாய்ந்திருந்தது. மிச்சம் இருந்தது காயும், பூச்சி விழுந்ததும்தான். எந்த முறை பிடித்திருக்கிறது என்று சடையன் அன்பாக விசாரித்தான். யானைகளைப் பார்த்தீரா, வீடு கிடையாது, வாசல் கிடையாது, அதல்லவா வாழ்க்கை என்றும் சொல்லிவைத்தான்.

செங்கண்ணன் பூச்சிப் பழத்தைக் கொண்டுவந்து நீட்டினான். அலகு நுனி வந்தது, தொட்டது, நின்றது.

"இதுதானா?" என்றாள்.

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ உள்ளே சுகமா உட்கார்ந்திருக்கே. வெளியே எத்தனை விதமா வாழ்க்கை இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

 இடுக்கிலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"தெரியாது. இங்கேருந்து ஒரு கிளைதான் தெரியும். அதில நீங்க வந்து உட்காருவீங்க. அது மட்டும்தான் தெரியும்."

அப்போதாவது அவன் புரிந்துகொண்டிருக்க வேண்டும். புரிந்துகொள்ளவில்லை. அந்த ஒரு கிளை அவனுக்கு இன்னும் இறுக்கமாகப் பட்டது. கீழே மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. யானைக்கூட்டம் ஒன்று மேட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது. ஒரு பொழுது போய்விட்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பறந்துவிட்டான்.

அவள் கூப்பிட்டாள். அவன் சிறகுச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்கவில்லை.

யானைகளோடு போனது நன்றாகத்தான் இருந்தது. இன்று ஒரு ஓடை, நாளை ஒரு புல்வெளி. மேட்டைத் தாண்டின, அடுத்த சரிவில் இறங்கின. எங்கே திரும்பிப் போவது என்ற பேச்சே இல்லை. ஒரு பொழுது என்றவன் மறுநாளும் கூடப் போனான்.

இங்கே வெடிப்பலா மரத்தில், அவன் போன அன்றே அந்திக்கு மரநாய் வந்தது. பொந்துக்குக் கீழ்க்கிளையில் வாலைச் சுருட்டிப் படுத்தது. குஞ்சு வாடை அதற்கு எப்போதோ எட்டிவிட்டது. சிறகுச் சத்தம் நிற்கட்டும் என்றுதான் காத்திருந்தது.

"அம்மா, உள்ளே சௌக்கியமா?"

வெள்ளைக்கண்ணி குஞ்சுகளை உடம்போடு அணைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்காரர் யானையோட மேட்டைத் தாண்டிப் போறதைப் பார்த்தேன். இனிமே எங்கே வரப் போறார்? உடைச்சிட்டு வெளியே வாங்க. இப்படி அடைஞ்சு கிடக்கிறது ஒரு வாழ்வா? உடம்புக்குக் காத்து வேணும், வெளிச்சம் வேணும்."

"என் உடம்பு மேல உனக்கு ரொம்ப அக்கறை," என்றாள் வெள்ளைக்கண்ணி.

"இருக்காதா?" என்றது மரநாய்.

அன்று அவள் அசையவில்லை. விடிந்தது. வெயில் ஏறியது. சின்னக் குஞ்சு தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. உள்ளே இருந்தால் மூன்று பேரும் தாகத்தில் சாக வேண்டும். வெளியே போனால் பறக்க முடியாது, கீழே மரநாய். ஆனால் தாவித் தாவியாவது பக்கத்துக் கிளைப் பழம் ஒன்றை எட்டிவிட்டால் பெரியவனாவது பிழைப்பான். அவள் யோசித்தாள். ரொம்ப நேரம் யோசிக்க நேரமில்லை. தான் பூசின சுவரைத் தானே கொத்த ஆரம்பித்தாள்.

மரநாய் எழுந்து உட்கார்ந்தது. பகலில் தூங்குகிற பிராணி அது. அன்று தூங்கவில்லை.

அதே நேரம், மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு காட்டு ஆலமரத்தில் செங்கண்ணன் பழம் பறித்துக்கொண்டிருந்தான். பழக்கத்தில் தொண்டையை நிறைத்துக்கொண்டான். இன்று எல்லாம் எனக்கு என்று நினைத்து விழுங்கப் பார்த்தான். இறங்கவில்லை. ஒரு பட்டமரத்துக்குப் போய் உட்கார்ந்தான். அந்த மரத்தில் ஒரு வெடிப்பு இருந்தது. அவன் அறியாமலே பட்டையைப் பற்றிக்கொண்டான். ஒரு பழத்தை மேலே கொண்டுவந்து அந்த வெடிப்பில் நீட்டினான்.

அலகு வரவில்லை.

தலையைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினான். வாங்க யாருமில்லை. பழம் நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்றை நீட்டினான். அதுவும் விழுந்தது.

கீழே நின்ற தலைவி யானை பழத்தைத் துதிக்கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

"நல்ல பழம். யாருக்கு ஊட்டுறே?"

"யாருக்குமில்லை."

"அப்புறம் ஏன் அந்த வெடிப்பையே பார்த்துக்கிட்டு நிக்கிறே?"

செங்கண்ணன் பேச்சை மாற்றினான். இப்படி இஷ்டத்துக்கு நடக்கிற வாழ்க்கைதான் தனக்குப் பிடித்திருக்கிறது என்றான்.

"இஷ்டத்துக்கா?" தலைவி யானை தன் வயிற்றுக்கு அடியில் நின்ற குட்டியைத் துதிக்கையால் முன்னால் தள்ளியது. "இவன் நடந்தா நடப்போம். இவன் நின்னா நிப்போம். எங்க கூட்டத்தில எல்லாருக்கும் இவன் வேகம்தான். உனக்கு யாரு சொன்னா இஷ்டம்னு?"

யானை போய்விட்டது. செங்கண்ணன் வெடிப்பைப் பார்த்தான். அது காலியாக இருந்தது.

கிளம்பினான். தொண்டையில் மிச்சப் பழம் அப்படியே இருந்தது. மேட்டை ஏறிக் கடக்க நேரம் பிடித்தது. போகும்போது இவ்வளவு தூரமாக அது தெரியவில்லை. காற்று எதிர்த்து அடித்தது. தோள் வலித்தது. வலியை நினைக்க அவனுக்கு இப்போது நேரமில்லை.

இருவாச்சியின் சிறகுச் சத்தம் ரயில் வருகிற மாதிரி இருக்கும். வெள்ளைக்கண்ணிக்கு அது முதலில் கேட்டது. சுவரைக் கொத்துவதை நிறுத்தினாள். ஆனால் சுவரில் பாதி போயிருந்தது. மரநாய் ஏறி வந்து முன்னங்காலை உள்ளே விட்டது. அவள் குஞ்சுகளை முதுகுக்குப் பின்னால் தள்ளி, வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு, அந்தக் காலைக் கொத்தினாள்.

செங்கண்ணன் நிற்கவில்லை, பேசவில்லை. வந்த வேகத்தில் மோதினான். மரநாய் கிளை கிளையாக அடிபட்டுக் கீழே போனது. தரையில் விழுந்து, நொண்டிக்கொண்டு புதருக்குள் ஓடியது.

அவன் பட்டையைப் பற்றிக்கொண்டான். மூச்சு வாங்கியது. 

"பழம் இருக்கா?" என்றாள் வெள்ளைக்கண்ணி.

இருந்தது. ஒவ்வொன்றாக நீட்டினான். முதல் பழத்தை அவள் தின்னவில்லை. இரண்டாவதையும் தின்னவில்லை. உள்ளே கொடுத்தாள். உள்ளே ஒரு குரல் கத்தியது. தடித்த குரல்.

அவன் காது கொடுத்துக் கேட்டான். இன்னும் கேட்டான்.

"ஒண்ணுதான் கத்துது," என்றான்.

"ஆமா. சின்னது இப்போ இல்லை."

 அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். உடைந்த சுவரின் ஓரத்தை அலகால் தட்டிப் பார்த்தாள்.

"ஈர மண்ணு கொண்டுவாங்க. இருட்டுறதுக்குள்ள பூசணும்."

ஆற்றங்கரைக்குப் பறந்தான். அலகில் மண் அள்ளி வந்தான். அவள் உள்ளிருந்து பூசினாள். மறுபடி போனான், மறுபடி வந்தான். சுவர் எழும்பியது. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கடைசியில் இடுக்கு மட்டும் மிஞ்சியது.

மறுநாள் விடியுமுன் செங்கண்ணன் இச்சி மரத்தில் இருந்தான். வெளிச்சம் வந்து நெடுநேரம் கழித்துச் சடையன் வந்தான். பழுத்த கிளைகள் காலியாக இருப்பதைப் பார்த்தான். முகம் சுருங்கியது. இருந்தாலும் சிரித்துக்கொண்டான்.

"என்ன வே, திரும்பிட்டீரா? இப்போ எந்த முறை?"

செங்கண்ணன் தொண்டை நிறையப் பழம்.  நின்று பேச அவன் விரும்பவில்லை. சிவந்த கண்ணால் ஒரு தடவை பார்த்தான். பறந்துவிட்டான்.

சடையனுக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லை. அவன் காயைத் தின்று, பேன் பார்த்துக்கொண்டு, சுகமாகத்தான் இருந்தான். அவன் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை, வழி சொன்னான், அவ்வளவுதான். போனவன் செங்கண்ணன்.

எப்படி வாழ்வது என்பதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உன்னை நம்பி உள்ளே இருப்பவர் வெளியே வரும்வரை, அது உன் ஒருவனுடைய வாழ்க்கை அல்ல.